சாம்பல் அட்டை

போன வாரம் தம்பியை ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் ஷூவுமாக வாசலில் நிறுத்திவிட்டுப் போய்விட்டேன் என்று என்மேல் எத்தனை பேருக்குக் கோபம்! ஒரு மனிதன் ஒரு வாரம் ஒற்றைக் காலில் நிற்கலாமா என்று கேட்டீர்கள். நியாயம்தான். வாருங்கள், முதலில் அந்த இன்னொரு ஷூவை மாட்ட வைப்போம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி பல் லேபில் வேலை பார்க்கிறவன். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் செய்து கொடுப்பவன். பக்கத்துப் பல்லின் நிறத்தை அப்படியே புதுப் பல்லில் கொண்டுவருவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. முப்பது தாண்டிய பிறகுதான் அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது. சின்ன வயதிலிருந்து எல்லோரும் 'ஒரு மாதிரி' என்று சொன்னதற்கு ஒரு பேர் கிடைத்தது. பேர் கிடைத்ததே தவிர பயம் போகவில்லை, தூக்கம் வரவில்லை. லேபுக்குப் போக முடியாமல் கட்டிலோடு கிடந்த நாட்களும் உண்டு.

அப்போது காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடி வந்தவள் அக்கா. வீட்டில் அவளுக்குச் சூறாவளி என்று பேர். தம்பிக்காகவே மைண்ட்ஃபுல்னெஸ் என்கிற கவனப் பயிற்சியைக் கற்றுத் தேறி, அவனைப் போல மூளை வேறு தினுசாக வேலை செய்கிறவர்களுக்கென்றே ஒரு வகுப்பு ஆரம்பித்தாள். கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, மனசு எங்கேயாவது ஓடினால் திரும்பக் கூட்டிவருவது. வீட்டில் அதற்குச் சுருக்கமாக 'மூச்சு கிளாஸ்'.

இன்றைக்கு அந்த வகுப்பை ஆஸ்பத்திரியின் மனநல டாக்டர் நேரில் வந்து பார்க்கப் போகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் அது ஆஸ்பத்திரியின் நிரந்தர வகுப்பு. அக்கா தூங்காமல் கண்ட கனவு அது. வகுப்பு முடிந்ததும் தம்பி எழுந்து, 'இது எனக்கு உதவியது' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவன் வேலை.

ஆனால் அவனுக்கு அது உதவவில்லை. உதவவில்லை என்பது அவனுக்கும் அவன் மனைவிக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்.

"ஷூ போட இவ்வளவு நேரமா? கால் என்ன வளந்துடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே கார் சாவியுடன் வந்தாள் மனைவி.

அவள் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். கற்றுக்கொள்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் யாராவது வேகமாகப் பேசினால்கூட அவள் கால் தானாக பிரேக்கைத் தேடித் தரையை அழுத்தும்.

"யோசிக்கறேன்."

"என்ன யோசனை? உங்க அக்காகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"அக்கா கேக்கல."

"கேட்டாதான் சொல்வீங்களா?"

"கேட்டா பொய் சொல்ல மாட்டேன்."

"அது எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாடி, என் பாட்டு எப்படி இருக்குன்னு உங்ககிட்ட கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டவ நான்."

தம்பி சிரித்தான். அவன் ஷூ மாட்டிய பிறகு அவள் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை அவன் சட்டைப் பையில் போட்டாள். உள்ளே இருப்பது கண்ணாடி மாதிரி ஒரு பல் உறை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களுக்காக அவன் லேபில் செய்வது. இதை அவன் தனக்காகச் செய்துகொண்டான். மூச்சு கிளாஸ் போய்வந்த நாட்களில் பகலில்கூட அது தேவைப்பட்டது. வந்ததும் திரையை இழுத்துவிட்டு இருட்டில் படுத்துவிடுவான். கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் தேய்ந்திருப்பதைத் தன் வாய் அச்சிலேயே பார்த்தவன்.

"இப்படிப் பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போகணும்னு யாருங்க உங்களக் கட்டாயப்படுத்தினாங்க?"

"அக்கா எனக்காகத்தானே இதைப் படிச்சா."

அவள் காரைக் கிளப்பினாள். ஆனால் இருவருக்குமே ஒன்று தெரியும். தம்பிக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் இல்லை. கேட்டதற்கு மாற்றிச் சொல்வது பொய். இன்றைக்கு டாக்டர் கேட்பார். உண்மையைச் சொன்னால் அக்காவின் வகுப்பு போய்விடும். அக்காவும் போய்விடுவாளோ என்பதுதான் அவன் பயம்.

அக்காவின் வீட்டு வாசலில் கார் நின்றதும் சூறாவளி கிளம்பி வந்தது. இரண்டு தோளிலும் பை, அக்குளில் ஒரு பை, கையில் பாதி குடித்த தேநீர்க் கோப்பை. ஏறினாள். இறங்கினாள். மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்று உள்ளே ஓடினாள். அது தலைமேல் இருப்பதைத் தம்பியின் மனைவி ஜன்னல் வழியாகக் கத்திச் சொன்னாள். திரும்பி வந்தவள் கோப்பையை இன்னும் கையிலேயே வைத்திருந்தாள்.

"அண்ணி, கப்பை உள்ள வெச்சுட்டு வாங்க."

"இருக்கட்டும், வழியில குடிச்சுடறேன். போ போ, நேரமாச்சு. அடுப்பை அணைச்சேனா? அணைச்சேன். தம்பி, நீ ரொம்பப் பேச வேண்டாம். எனக்கு உதவுச்சுன்னு சொல்லு, போதும். உதவுச்சுல்ல? உதவாம என்ன, நீ உக்கார்ற அழகைப் பாத்தாலே தெரியுதே! ஐயோ, மணியை எடுத்தேனா?"

தம்பி வாய் திறந்தான். அதற்குள் கேள்வி அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. முன் சீட்டில் அவன் மனைவியின் கால், தேவையே இல்லாமல், பிரேக்கை லேசாக அழுத்தியது.

மணி பையில்தான் இருந்தது, துவாலையில் சுற்றி. பித்தளைக் கிண்ணம் போன்ற மணி. அதைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு உயிர் வந்தது.

"எனக்கே இதை அடிச்சாத்தான் மனசு ஒரு இடத்துல நிக்குது. அதுவும் சத்தம் ஓயற வரைக்கும்தான். அப்புறம் கடைக்குப் போயிடுது, காய்கறி வாங்குது, யார்கூடவோ சண்டை போடுது." அக்கா தானே சொல்லித் தானே சிரித்தாள். "வாத்தியாரே இப்படின்னு வெளிய சொல்லிடாதீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அப்போது.

வகுப்புக்கு ஆஸ்பத்திரி கொடுத்திருந்தது பிசியோதெரபி அறை. ஒரு மூலையில் நடை பழகுவதற்கான இரட்டைக் கம்பிகள், சுவரோரம் சுருட்டி வைத்த ரப்பர் பாய்கள், தண்ணீர் கேன், சாம்பல் நிறத் தரை. வழக்கமாக வருகிறவர்கள் வந்திருந்தார்கள். எப்போதும் கையில் சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டிருக்கும் நூலகப் பெண். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடும் லிஃப்ட் மெக்கானிக். இன்னும் சிலர். கடைசி நாற்காலியில் டாக்டர் அம்மா. அவர் முகத்தை வைத்து அவர் மனசைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது.

தம்பியின் மனைவி கதவோரம் நின்றுகொண்டாள்.

அக்கா மணியை அடித்தாள்.

உங்களுக்கும் எனக்கும் அது இனிமையான சத்தம். தம்பிக்கு அது காதோடு நிற்காது. பல்லின் வேர் வரைக்கும் இறங்கும். சத்தம் அடங்குவதற்குள் அக்காவின் குரல்: "கண்ணை மூடிக்கோங்க. மூச்சு உள்ள வர்றதைப் பாருங்க. வெளிய போறதைப் பாருங்க." அவன் பார்த்தான். சொன்னதை ஒழுங்காகச் செய்கிறவன் அவன். பார்க்கப் பார்க்க மூச்சு பெரிதாகியது. பிறகு நெஞ்சுத்துடிப்பு. பிறகு சட்டைக் காலரின் தையல். எல்லாம் சேர்ந்து இரைந்தன. கையைத் தூக்க வேண்டும் என்று நினைத்தான், கை வரவில்லை.

அக்கா டாக்டரிடம் குனிந்து, பெருமை பொங்க, ரகசியக் குரலில் சொன்னாள். "அவனைப் பாருங்க டாக்டர். கல்லு மாதிரி உக்காந்திருக்கான். மொதல்லெல்லாம் விரல் ஆடிக்கிட்டே இருக்கும்."

டாக்டர் பார்த்தார். இறுகிக் கிடந்த தாடையையும், நாற்காலிக் கையைப் பிடித்து வெளுத்துப்போன விரல்களையும் பார்த்தார்.

மறுபடி மணி. எல்லோரும் கண் திறந்தார்கள். அக்கா தம்பியைப் பார்த்துச் சிரித்து, பேசு என்று கண்ணைக் காட்டினாள். அதற்குள் டாக்டரே நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது உங்களுக்கு உதவுதா?"

கேட்டுவிட்டு அவர் சும்மா இருந்தார். தொண்டையைச் செருமவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவன் சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அவர் அப்போதும் காத்திருந்தார்.

"இல்ல," என்றான் தம்பி.

கதவோரம் ஒரு ஷூ தரையை ஓங்கி மிதிக்கிற சத்தம் கேட்டது.

"மூச்சைப் பாத்தா மூச்சு பெரிசாகுது. அப்புறம் அது மட்டும்தான் கேக்குது. மணி அடிச்சா வலிக்குது. வீட்டுக்குப் போய் இருட்டுல படுத்துக்குவேன். பல்லைக் கடிச்சு பல் தேஞ்சுபோச்சு." சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினான். "எனக்கு நானே செஞ்சது."

அக்கா அந்த உறையைப் பார்த்தாள். வெளுத்துப் போனாள்.

"ஆனா நீ அசையாம உக்காந்திருந்தியே!"

"அசைய முடியலக்கா."

வாரா வாரம் அவள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தது அந்த அசையாமையைத்தான். கூடப் பிறந்தவள், அவன் சின்ன வயதில் பயந்தால் உறைந்துபோவான் என்பதை அவளைவிட அறிந்தவர் யார்? அதே உறைதல் ஒரு நாற்காலியில், கண்ணை மூடிக்கொண்டு, தன் வகுப்பில் நடந்தபோது அவளுக்கு அது நிம்மதியாகத் தெரிந்துவிட்டது.

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?" அவள் குரல் உடைந்தது. "ஒவ்வொரு தடவையும் கேட்டேனேடா!"

"கேட்டேக்கா. பதிலுக்கு நிக்கல."

குத்திக்காட்டவில்லை அவன். மழை பெய்தது என்று சொல்வதுபோல நடந்ததைச் சொன்னான். பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொன்றையும் சொன்னான். தன் வழக்கத்தை மீறி அவன் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எல்லாரும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. எனக்கு மட்டும் இப்படி ஆகுதுன்னா தப்பு எங்கிட்டதான்னு நெனச்சேன். சும்மா மூச்சு விடறதுகூட எனக்கு ஒழுங்கா வரலன்னு."

உருண்டுகொண்டிருந்த சாவிக்கொத்து நின்றது.

"எனக்கும் அப்படித்தான்," என்றாள் நூலகப் பெண். "நான் மூச்சைப் பாக்கறதே இல்ல மேடம். கண்ணை மூடிக்கிட்டு சாவியைத் தடவி இது எந்தக் கதவு, இது எந்தக் கதவுன்னு பாத்துட்டிருப்பேன். நீங்க கண்டுபிடிச்சுடுவீங்களோன்னு பயம்."

"எனக்கு உதவுதுங்க," என்று அவசரமாகக் கையைத் தூக்கினார் லிஃப்ட் மெக்கானிக். "சத்தியமா. மணி எனக்குப் பிடிக்கும். லிஃப்ட் மேல நின்னுக்கிட்டு கோபம் வந்தா அந்த மூச்சுதான் கை குடுக்குது. முன்னெல்லாம் ஸ்பேனரைத் தூக்கி எறிவேன்." தம்பியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "உங்களுக்கு வலிக்கும்னு தெரியாம, இன்னொரு தடவை அடிங்கன்னு கேட்டவன் நான்தான்."

இப்போது அறையில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்குத் தெரியும். சூறாவளிக்கு ரோஷம் ஜாஸ்தி. புருஷன் ரசத்தில் உப்பில்லை என்று சொன்னதற்குக் கரண்டியைப் போட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனவள். கனவு கண்ட நாளில், பார்க்க வந்த டாக்டர் முன்னால், சொந்தத் தம்பி காலை வாரிவிட்டால் என்ன ஆகும்? பைகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நானும் பயந்தேன்.

அவள் மணியை எடுத்தாள். துவாலையில் சுற்றினாள், குழந்தையைச் சுற்றுவதுபோல ஜாக்கிரதையாக. பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு தம்பியின் நாற்காலிக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, துடைக்கவில்லை.

"சரி. உனக்கு எது உதவுது? கேக்கறேன், சொல்லு."

கேட்டுவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மற்றவர்களுக்கு இது ஒன்றுமில்லாத காரியம். அவளுக்கு அது மலையைத் தூக்குவது. கேட்ட கேள்விக்கும் வரப்போகும் பதிலுக்கும் நடுவில் அவள் முழுசாக இருந்தாள். அவள் முழங்கால் துடித்தது, கண் இமை துடித்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. அவள்மேல் எனக்கு எத்தனையோ குறை உண்டு. அந்த நேரத்தில் எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது.

"நீ சொன்ன ஒண்ணு உதவுது," என்றான் தம்பி. "வர்றதைப் பாரு, துரத்தாத, திரும்பி வான்னு சொல்வியே, அது. ஆனா மூச்சுல இல்ல. லேப்ல."

தன் தோள்பையிலிருந்து ஒரு சட்டகத்தை எடுத்தான். அதில் வரிசையாகப் பல் மாதிரிகள் செருகியிருந்தன. லேபில் அதை ஷேட் கைடு என்பார்கள். வெள்ளை என்று நாம் சொல்லும் ஒன்றுக்கு இத்தனை நிறங்களா என்று மலைக்க வைக்கும்: பால், தந்தம், வெண்ணெய், லேசாகத் தேநீர் பட்ட துணி. கூடவே ஓர் அட்டை. வெறும் சாம்பல் நிறம். எழுத்தோ கோடோ இல்லை.

"பல்லோட நிறத்தை ரொம்ப நேரம் பாக்கக் கூடாது. பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு களைச்சுப்போய் தப்பா சொல்லும். அதனால கொஞ்சம் பாக்கணும், உடனே சாம்பல் அட்டையைப் பாக்கணும். கண்ணு ஆறும். அப்புறம் மறுபடி பல்லைப் பாக்கணும். அப்போ நிஜ நிறம் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினான். "மூச்சும் எனக்கு அப்படித்தான். பாத்துக்கிட்டே இருன்னு சொன்னே. எனக்கு அட்டை வேணும்க்கா."

டாக்டர் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது.

"செஞ்சு காட்டு," என்றாள் அக்கா.

அவன் சட்டகத்திலிருந்து மாதிரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எல்லோர் கையிலும் கொடுத்தான். கூட்டத்தில் பேச வராதவன்தான். ஆனால் வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போது அவன் குரல் வேறு. "கண்ணை மூட வேண்டாம். ஒரே இடத்துல உக்கார வேண்டாம். உங்க கையில இருக்கற நிறம் இந்த ரூம்ல எங்க இருக்குன்னு தேடுங்க. கொஞ்சமாப் பாருங்க. பாத்த உடனே தரையைப் பாருங்க, தரை சாம்பல்தான். மனசு வேற எங்கயாவது போனா பரவாயில்ல, திரும்பி நிறத்துக்கு வாங்க. யார் கண்ணையும் பாக்க வேண்டாம். தேவைன்னா பல்லைப் பாருங்க."

"என் பல்லைப் பாக்காதீங்க, மானம் போயிடும்!" என்றார் மெக்கானிக். சிரிப்பு எழுந்து, மெல்ல ஓய்ந்தது.

ஆளாளுக்குப் புறப்பட்டார்கள். நூலகப் பெண் தன் மாதிரியைச் சுவிட்சுப் பலகையோடு ஒட்டிப் பார்த்தாள்; இல்லை; தரையைப் பார்த்தாள்; ஜன்னல் சட்டத்துக்குப் போனாள். சாவிக்கொத்து அவள் நாற்காலியில் தனியாகக் கிடந்தது. மெக்கானிக் சுருட்டிய பாயின் ஓரத்தை அரைக்கண்ணால் ஆராய்ந்தார். டாக்டர் அம்மாவும் ஒரு பல்லை வாங்கிக்கொண்டு, தன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் அடக்கவில்லை. பேச்சு தானாகவே அடங்கி, காலடிச் சத்தம் மட்டும் இருந்தது. தம்பி நடுவில் நின்று விரல்களைத் தன் பாட்டுக்கு ஆட விட்டுக்கொண்டிருந்தான். தாடை தளர்ந்திருந்தது.

அதைக் கதவோரத்திலிருந்து பார்த்த அவன் மனைவிக்கு அழுகை வந்துவிட்டது. "காரை ஒழுங்கா நிறுத்தினேனான்னு பாத்துட்டு வரேன்," என்று யாரிடமோ சொல்லிவிட்டு வெளியே போனாள். கார் ஒழுங்காகத்தான் நின்றது. அவள் நிறுத்தியது கோணலாக நின்றதே கிடையாது.

அக்காவுக்குக் கிடைத்தது வெண்ணெய் நிறப் பல். சாம்பல் அட்டையையும் தம்பி அவளிடமே கொடுத்திருந்தான். அவள் இரட்டைக் கம்பிகளுக்கு நடுவே நின்று, பல்லைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், கம்பியின் பிடியைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். மற்றவர்கள் எல்லோரும் திரும்பி உட்கார்ந்த பிறகும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். தம்பி தோளைத் தொட்ட பிறகுதான் இந்த உலகத்துக்கு வந்தாள்.

டாக்டர் எழுந்தார்.

"இந்த வகுப்பை இப்ப இருக்கறபடி நான் எடுத்துக்க மாட்டேன்," என்றார். அக்கா தலையைக் குனிந்தாள். "ஒருத்தருக்குக் கை குடுக்கறது இன்னொருத்தரை நோகடிக்குது. இது நல்லதா கெட்டதான்னு பொதுவா கேட்டா எங்கிட்ட பதில் இல்லம்மா. யாருக்கு, எப்படின்னு கேட்டாத்தான் பதில். இன்னிக்கு நீங்க அதைக் கேட்டீங்க. அதுவும் எல்லார் முன்னாடியும். என் வேலையில இத்தனை வருஷமா இருக்கறவங்களுக்கே அது சுலபமில்ல." தம்பியைக் காட்டினார். "அடுத்த தடவை ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துங்க. அதைப் பாத்துட்டு முடிவு சொல்றேன்."

"எனக்குக் கூட்டத்துல பேச வராது," என்றான் தம்பி.

"இப்பப் பேசினது யாரு?"

"அது பேச்சு இல்ல. வேலை."

"அப்போ வேலைக்கே வாங்க." டாக்டர் அந்த டப்பாவைச் சுட்டிக்காட்டினார். "அப்புறம் அதையும் தூக்கத்தையும் பத்தித் தனியா வந்து என்னைப் பாருங்க. நிறம் பாக்கறது எல்லாத்துக்கும் மருந்து ஆகாது."

அவன் தலையாட்டினான். பல் மாதிரியைத் திருப்பிக் கொடுக்கும்போது டாக்டர், "இந்த நிறம் என் கடைசிப் பொத்தானோடது. மத்ததெல்லாம் வேற வெள்ளை. இத்தனை நாள் தெரியவே இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் வழியில், காரில் தம்பி கண் மூடிச் சாய்ந்திருந்தான்; களைப்பு இருந்தது, வலி இல்லை. பின்சீட்டில் அக்கா. காரிலேயே மறந்துவிட்டுப் போன தேநீர்க் கோப்பை அவள் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. குடிக்காத தேநீர் ஆடை கட்டியிருந்தது.

"அண்ணி, என்ன இவ்ளோ அமைதி? எனக்குப் பயமா இருக்கு," என்றாள் தம்பியின் மனைவி.

"ஒண்ணுமில்லம்மா."

"அக்கா, எம்மேல கோபமா?"

"இல்லடா. நம்மளப் பெத்தவங்களுக்குக்கூட நீ இப்படி ஒரு நல்லது செஞ்சிருக்க மாட்டே." அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "சின்ன வயசுல உனக்குத் தைரியம் இல்லன்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் சொல்லியிருக்கேன். வாயைக் கழுவணும்."

சிக்னலில் கார் நின்றது. தம்பி பின்னால் திரும்பிக் கையை நீட்டினான்.

"அட்டையைக் குடு. நாளைக்கு லேப்ல வேணும்."

அவள் கொடுக்கவில்லை. அந்தச் சாம்பல் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சூறாவளியின் குரலே இல்லாத ஒரு குரலில் கேட்டாள்.

"தம்பி, உன்னை டெஸ்ட் பண்ணாங்களே, அப்போ என்னென்ன கேட்டாங்க?"

"நிறைய கேட்டாங்க. சத்தம், வெளிச்சம், நண்பர்கள். அப்புறம் இன்னொரு தாள் முழுக்க வேற கேள்வி. சாமானைத் தொலைப்பீங்களா, ஆரம்பிச்சதை முடிக்காம விடுவீங்களா, அடுத்தவங்க பேசும்போது நடுவுல பூந்து பேசுவீங்களா, மனசு ஒரு இடத்துல நிக்காதான்னு. அதெல்லாம் எனக்கு இல்லக்கா. அது ஆட்டிசம் இல்ல, கவனம் சிதறுற வேற ஒண்ணாம்."

அக்கா கோப்பையைப் பார்த்தாள். தலைமேல் கையை வைத்துக் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏன்க்கா கேக்கற?"

பச்சை விளக்கு விழுந்துவிட்டது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவன் மனைவி காரை எடுக்கவில்லை. தம்பி கேட்டுவிட்டு, திரும்பிய முகத்தைத் திருப்பாமல், பதிலுக்குக் காத்திருந்தான்.